தென்னை மர நிழலும் ஆறு சோலார் பேனலும்

அருப்புக்கோட்டை,
ஞாயிறு காலை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. உடனே பதில் எழுதாததற்குக் காரணம் சோம்பல்தான், வேறொன்றும் இல்லை. மூட்டுவலி தேவலையா? பேத்திக்கு மொட்டை போட்ட படத்தைப் பார்த்தோம். மூக்கு அப்படியே உன் மூக்கு, பாவம்.

வீட்டுக்கு சோலார் போடலாமா, நிட்டிங் ஷெட்டுக்கும் சேர்த்துப் போடலாமா என்று கேட்டிருந்தாய். நான் மாட்டி ஒரு வருஷம் ஓடிவிட்டது, பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் மாடியில் 3 கிலோவாட், ஆறு பேனல். கிட்டத்தட்ட ₹2 லட்சம் ஆனது. பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் ₹78,000 மானியம் நேராக வங்கிக் கணக்குக்கு வந்தது. கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி மாடி போகும். வடகம் காயப்போட இடமில்லை என்று உன் தங்கச்சி இன்னும் முணுமுணுக்கிறாள்.

முதல் சண்டை தென்னையால் வந்தது. அப்பா வைத்த மரம், உனக்குத் தெரியும். கணக்குப் பரீட்சை அன்றைக்கு அதன் அடியில்தானே ஒளிந்து கிடந்தோம். மதியம் மூன்று மணிக்கு மேல் அதன் ஓலை நிழல் மேற்கோரத்துப் பேனல் மேல் விழும். ஒரு பேனலில் கை அகல நிழல்தானே என்று நினைத்தேன். போன் ஆப்பில் பார்த்தால் அந்த நேரத்து உற்பத்தி மளமளவென்று சரிகிறது. பேனல்களை ஒரே வரிசையாகக் கோத்திருக்கிறார்கள். ஒற்றையடிப் பாதையில் முன் வண்டி படுத்துவிட்டால் பின்னால் வருவதெல்லாம் நிற்கிற கதைதான். மாட்ட வந்த ஆட்கள் காலை பத்து மணிக்கு இடம் பார்த்துவிட்டுப் போனவர்கள், சாயங்கால நிழலைப் பற்றி வாயே திறக்கவில்லை. மரத்தை வெட்டிவிடலாம் என்று பையன் சொன்னான். நான் சம்மதிக்கவில்லை. நாளைக்கு ஒரு யூனிட் போனால் போகட்டும், வெயில் காலத்தில் இளநீர் யார் தருவார்? ஆகவே உன் வீட்டுக்கு ஆள் வந்தால், சாயங்காலம் நாலு மணிக்கும் ஒரு தடவை மாடியில் ஏற்றிவிடு.

இன்னொரு ஆச்சரியம். அக்னி நட்சத்திரத்தில்தான் கரண்ட் கொட்டும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. மாசி, பங்குனியில் ஒரு நாளைக்கு 14 யூனிட் வரை தந்தது, சித்திரை வெயிலில் 12-க்கு இறங்கிவிட்டது. பேனலுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு இல்லை. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி அரை சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் குறையும். நம்மூர் மே மாத மத்தியானத்தில் பேனலைத் தொட்டால் கை பொத்துவிடும், 60 டிகிரியைத் தாண்டும். ஐப்பசி அடைமழையில் 3 யூனிட் வந்த நாளும் உண்டு.

கழுவுவதிலும் ஒரு பாடம். போர்த் தண்ணீரை அடித்தேன், காய்ந்ததும் கண்ணாடி முழுக்க வெள்ளை வெள்ளையாக உப்புப் படிவு. வினிகர் போட்டுத் துடைத்து இடுப்பு ஒடிந்தது. இப்போது குடிநீர்க் குழாய்த் தண்ணீர் இரண்டு வாளி, விடிவதற்குள் ஒரு மாப். சூடேறிய கண்ணாடியில் தண்ணீரை ஊற்றிவிடாதே.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்த முதல் நாள்தான் பெரிய வேடிக்கை. காலை ஒன்பது மணி, மாடியில் பேனல் தகதகக்கிறது, கீழே ஃபேன் நிற்கிறது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. பேனல் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றுகிற பெட்டிதான் இன்வெர்ட்டர். லைனில் கரண்ட் இல்லை என்றால் அது தானே அணைந்துவிடும். கம்பத்தில் ஏறியிருக்கும் ஆளுக்கு நம் வீட்டுக் கரண்ட் அடித்துவிடக் கூடாது அல்லவா? நியாயம்தான், ஆனால் விற்றவர்கள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தடையிலும் ஃபேன் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும், விலை எகிறும்.

சரி, பணத்துக்கு வருவோம். சோலார் போடும் முன் எங்களுக்குக் கோடையில் இரண்டு மாதத்துக்கு 620 யூனிட் ஓடும், பில் ₹3,000 சொச்சம். 500-ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாபுக்கும் சேர்த்து ரேட் ஏறிவிடுகிறதே, அந்த அடியிலிருந்து தப்பித்தேன். போட்ட காசு ஆறேழு வருஷத்தில் திரும்பும். உனக்கு வீட்டில் 250 யூனிட்தான் வருகிறது என்றால், 100 யூனிட் இலவசமும் போக மிச்சத்துக்கு எதற்கு இந்தச் செலவு? வீட்டுக்கு வேண்டாம் என்பேன்.

ஷெட்டுக்கு யோசிக்கலாம். மெஷின் பகலில் ஓடுகிறது, கரண்ட் பிறக்கும்போதே செலவாகிவிடும். நைட் ஷிஃப்டுக்கு அது உதவாது. வீட்டுக்கு மாதிரி, மிஞ்சி லைனுக்குப் போன யூனிட்டைப் பில்லில் கழித்துக்கொள்ளும் கணக்கும் தொழில் இணைப்புக்குக் கிடையாது, வாரியத்தின் லைனைப் பயன்படுத்துவதற்கு நெட்வொர்க் கட்டணம் என்று வேறு ஒன்று பேசுகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் மின்வாரிய ஆபீசில் நீயே நேரில் கேள். உன் கூரை இன்னும் ஆஸ்பெஸ்டாஸ்தானே? அதன் மேல் ஏற்றாதே. பேனல் ஒன்று இருபது கிலோவுக்கு மேல், ஆள் ஏறி நின்றாலே ஷீட் உடையும்.

அப்புறம் ஒரு சேதி. போன மாதம் ஒரு காதுகுத்துக்காகக் கமுதிப் பக்கம் போனேன். செங்கப்படையில் 2016-ல் வந்த 648 மெகாவாட் ஆலையைப் பஸ்ஸிலிருந்து பார்த்தேன். 2,500 ஏக்கர், சுமார் 25 லட்சம் பேனல். நாம் சைக்கிள் மிதித்துப் போன அந்தக் கருவேலங்காடு நினைவிருக்கிறதா? கரிமூட்டப் புகைக்குப் பதிலாக இப்போது நீலத் தகடு, கண்ணுக்கெட்டிய வரை. அங்கே துடைக்க ரோபோ இருக்கிறதாம். நான் என் மாப்பை நினைத்துக்கொண்டேன். அந்த ஆலையின் கரண்டுக்கு யூனிட் ₹7.01 என்று 2015-ல் ஒப்பந்தம். இரண்டே வருஷத்தில், 2017-ல், ராஜஸ்தான் பட்லாவில் ₹2.44-க்கு ஏலம் போனது. முந்தியவனுக்கு விலை, பிந்தியவனுக்கு மலிவு. ஆனால் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டது வேறு: “ஆடு எங்கய்யா மேயும்?” எனக்குப் பதில் வரவில்லை.

கடைசி ஆறு பில்லையும் போட்டோ எடுத்து அனுப்பு, உட்கார்ந்து கணக்குப் போடுவோம். பங்குனிப் பொங்கலுக்குக் கட்டாயம் வா. தென்னையில் இப்போதே இரண்டு குலை தொங்குகிறது.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுக்காரன்