பின்னக் கணக்கில் விதிக்கு முன் அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

தரம் 5 புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாள்களைத் தங்கள் பத்திரிகை வெளியிட்டு வருவது பிள்ளைகளுக்குப் பெரிய உதவி. அதில் வரும் பின்னக் கணக்குகள் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்.

பின்னேரங்களில் அயல் பிள்ளைகள் சிலருக்குக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். 1/2 உடன் 1/3 ஐக் கூட்டச் சொன்னால், தரம் 7 படிக்கிற பிள்ளைகூட 2/5 என்று எழுதுகிறது. மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிடுகிறது. 2/5 அரையைவிடக் குறைவு என்பது அதன் கண்ணில் படவேயில்லை. "அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையிலும் குறையுமா?" என்று கேட்டதும் தானாகவே அழிக்கிறது. ரியூசனில் பொ.ம.சி. (பொது மடங்குகளுட் சிறியது) எடுக்கும் விதியை மனப்பாடமாக்குகிறார்கள். இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எனக்கு உண்மையில் மனவருத்தம் தருவது இதுதான்.

இதை விளங்கப்படுத்த எங்கள் ஊர்க் காணி அளவே போதும். ஒரு பரப்புக்கு 18 குழி. அரைப் பரப்பில் வெங்காயமும் மூன்றிலொரு பரப்பில் மிளகாயும் நட்டால் 9 குழியும் 6 குழியும், மொத்தம் 15 குழி. 15/18 ஐச் சுருக்கினால் 5/6. பொதுப் பகுதியெண் என்ற பேச்சே எடுக்காமல் பிள்ளை அதைக் கண்டுபிடித்துவிடுகிறது. 2/5 பரப்பென்றால் எட்டுக் குழிகூட வராது, வெங்காயத்துக்கே காணாது! தோட்டக்காரர் வீட்டுப் பிள்ளைகள் சொன்னவுடன் பிடித்துக்கொள்கிறார்கள். 16 பரப்பு ஒரு ஏக்கர் என்பதால், 6 பரப்பு எத்தனை ஏக்கர் என்று கேட்டு 3/8 வரைக்கும் போகலாம். தோட்டம் தெரியாத பிள்ளைக்கு, ஆறாக மடித்த ஒரு தாள் போதும்.

வகுத்தல் இன்னும் மோசம். "திருப்பிப் போட்டுப் பெருக்கு" என்பது எல்லாருக்கும் பாடம். "வகுத்தால் குறையத்தானே வேணும், 3 ஐ 1/2 ஆல் வகுக்க ஏன் 6 வருது?" என்று ஒரு பிள்ளை கேட்டது. அருமையான கேள்வி. மூன்று லீற்றர் நல்லெண்ணெயை அரை லீற்றர் போத்தல்களில் ஊற்றினால் எத்தனை போத்தல் வேண்டும் என்று கேட்டேன். பேனையைத் தொடாமலே ஆறு என்றது.

தங்கள் வினாத்தாள்களில் ஒவ்வொரு பின்னக் கணக்குக்கும் முன்னால், "விடை அரையைவிடக் கூடுமா, குறையுமா? ஒன்றைத் தாண்டுமா?" என்று ஒரு சிறு கேள்வியைச் சேர்க்கும்படி வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள். அதற்கும் ஒரு புள்ளி கொடுத்தால், பெற்றோரும் அதைக் கவனிப்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
உரும்பிராய்.