கண்ட அளவை எழுத விடுங்கள்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும் விஞ்ஞானப் பாட ஆலோசகர்களுக்கும்,

வணக்கம். போன மாத மேற்பார்வை அறிக்கை உங்கள் மேசையில் இருக்கும். அதில் இல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் தோட்டம் 1,800 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. வெப்பமானி ஒன்று, தரம் 8இல் பிள்ளைகள் 36 பேர். மண்ணெண்ணெய் அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்தோம். வெப்பமானியின் இரசம் 94 பாகையில் நின்றுவிட்டது. புத்தகத்தில் 100 என்று இருக்கிறதே, வெப்பமானி பழுதோ என்று ஒரு பிள்ளை கேட்டாள். சரி, பார்ப்போம் என்று கடையில் ஐஸ் வாங்கி, உருகும் ஐஸில் வைத்தோம், 0 காட்டியது. மறுபடி இரண்டு தரம் கொதிக்க வைத்தோம். 94தான்.

அப்புறம் அவளே சொன்னாள்: "சேர், எங்க லயத்துல பருப்பு வேக ரொம்ப நேரமாகும். கொழும்புல சித்தி வீட்டுல சட்டுனு வெந்துரும். ஒசரத்துனாலயா?" உடனே பின்வாங்கிலிருந்து ஒருவன் மடக்கினான்: "அங்க கேஸ் அடுப்பு, இங்க வெறகு. அடுப்ப மாத்திட்டு ஒசரத்த சொன்னா எப்புடி?"

அவதானம், கருதுகோள், ஒரு மாறியை மட்டும் மாற்றிப் பார்ப்பது எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வந்துவிட்டன. உயரம் கூடக் காற்றமுக்கம் குறையும், ஏறத்தாழ 300 மீற்றருக்கு 1 பாகை வீதம் கொதிநிலை இறங்கும் என்று நான் சொன்னது அதற்குப் பிறகுதான்.

மேற்பார்வைக்கு வந்தவர் அவள் கொப்பியில் 94ஐச் சிவப்புப் பேனையால் வெட்டி 100 என்று எழுதினார். பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் பயறு முளைக்கவிட்டோம். ஈரப்பஞ்சைத் தொடுவதற்கு முன்னமே அவள் கேட்டாள்: "சேர், இதுக்கு என்ன விடை வரணும்?" எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

இதே மலையகத்தில் கோப்பி நோயால் அழிந்துகொண்டிருந்தபோது, 1880இல் வந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட் கிளிசரின் தடவிய கண்ணாடித் துண்டுகளைத் தொங்கவிட்டு, காற்றில் வந்து ஒட்டிய பங்கசு வித்திகளைப் பார்த்துத்தான் நோய் பரவும் விதத்தைச் சொன்னார். அந்தக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்தவர்களின் வாரிசுகள்தான் என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்கள் கண்ட அளவை எழுத விடுங்கள்.

ஆய்வுகூடம் திறந்து மூன்று வருடமாகியும் தண்ணீர்க் குழாய் வரவில்லை. பிள்ளைகள் வாளியில் சுமக்கிறார்கள். அதைத் தனியாக எழுதுகிறேன். இப்போது கேட்பது செலவில்லாதது. செய்முறைப் புள்ளி வழங்கும்போது, புத்தகத்து எண்ணுக்கு அல்லாமல், அளந்த விதத்துக்கும் அதைக் கண்டபடி எழுதியதற்கும் புள்ளி கொடுக்கும்படி தயவுசெய்து ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள்.

பிள்ளையின் சம்மதத்தோடு அவள் கொப்பியை இத்துடன் வைத்திருக்கிறேன். 94 என்று திருத்தி, ஒப்பமிட்டுத் திருப்பி அனுப்பும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தோட்டப் பாடசாலை விஞ்ஞான ஆசிரியர்