மண்டபச் சாவியை ஒரு புதன்கிழமைக்குக் கொடுங்கள்

செங்கோட்டை வட்டாரக் கல்யாண மண்டப நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஆடி பிறந்துவிட்டால் மண்டபங்கள் பூட்டித்தான் கிடக்கும். மற்ற மாதங்களிலும் முகூர்த்தம் இல்லாத நாட்களில் அப்படித்தான். அந்த மாதிரி நாளில், வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமை, காலை பத்திலிருந்து மாலை ஐந்து வரை பந்திக் கூடத்தை மட்டும் எங்களுக்குத் திறந்துவிடுங்கள்.

நாங்கள் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் பிழைக்கிறவர்கள். நான் மலையாளத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கிறேன். கணக்கு பார்க்கிறவர், டிசைன் செய்கிறவர், புளியரையில் இருந்துகொண்டு சென்னை கம்பெனிக்கு வேலை பார்க்கிறவர் எல்லாம் இருக்கிறோம். ஆரியங்காவிலிருந்து மலையிறங்கி வரவும் ஆள் உண்டு.

வீட்டில் என்ன குறை என்பீர்கள். "சும்மாதானே இருக்கே, சிலிண்டர் வந்தா வாங்கி வை" என்பார்கள். சாரல் காற்றில் கரண்ட் போய்விடும். அதையெல்லாம் சமாளித்துக்கொள்ளலாம். செய்கிற வேலையைப் பற்றிப் பேச நாள் முழுக்க ஒரு ஆள் இல்லை என்பதுதான் ஆளைத் தின்கிறது.

போன மாசியில் எங்கள் வீட்டுத் தார்சாவில் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தோம். ஒரு வேலைக்கு நாலு மாதமாகப் பணம் வரவில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னேன். கணக்கு பார்க்கிற அக்கா கையிலிருந்த முறுக்கை வைத்துவிட்டு, "உத்யம் பதிவு இருக்கா?" என்றார். சிறுதொழில் செய்கிறவர்கள் அரசாங்கத்திடம் செய்துகொள்ளும் பதிவு அது. அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. சிறுதொழில் செய்கிறவருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்திருக்கிறது. ஆதாரை வைத்து அன்றைக்கே பதிந்தோம், காசு எதுவும் ஆகவில்லை. பழைய பாக்கி இன்னும் வரவில்லை. ஆனால் அடுத்த வேலைக்கு எழுதிய ஒப்பந்தத்தில் அந்த 45 நாள் ஏறிவிட்டது. வீட்டில் தனியாக இருந்திருந்தால் இதை யார் எனக்குச் சொல்லியிருப்பார்கள்?

அதே 2006-ல் நியூயார்க்கில் ஒரே வீட்டில் தங்கியிருந்த இரண்டு பேர், இப்படித் தனியாக வேலை செய்கிறவர்களைத் தங்கள் வீட்டுக்கே கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். அதற்கு 'ஜெல்லி' என்று பெயர். அப்புறம் பல ஊர்களில் அது தொடங்கியது. நாற்காலியும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும், கட்டணம் இல்லை.

உங்கள் பந்திக் கூடத்தில் நீள மேசை இருக்கிறது, கை கழுவ இடம் இருக்கிறது, ஜெனரேட்டரும் இருக்கிறது. கரண்டுக்கு மீட்டரைப் பார்த்துக் காசு கொடுத்துவிடுகிறோம், டீசல் செலவும் எங்களுடையது. கூட்டிப் பெருக்கிச் சாவியைத் தந்துவிடுவோம். விசேஷம் ஏதும் வந்தால் அந்த வாரம் வர மாட்டோம்.

இன்னொன்று, எங்களில் பாதிப் பேர் பெண்கள். தென்காசியில் ரூம் எடுத்து வேலை பார்க்கிறோம் என்றால் வீட்டில் ஆயிரம் கேள்வி வரும். மண்டபத்துக்குப் போகிறேன் என்றால் மறுபேச்சு கிடையாது. ஊர் அறிந்த இடம் அல்லவா?

எங்கள் மேசையில் எல்லாச் சமுதாயத்து ஆட்களும் உட்காருவார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வருகிற ஆடியில் முதல் புதன்கிழமை, ஒரே ஒரு நாள் திறந்து பாருங்கள். உங்களில் யாராவது வந்து கூடவே உட்கார்ந்தாலும் சரி, டீ நாங்கள் போட்டுத் தருகிறோம்.