ஸ்டேட்டஸ் மேட்ச்: டிக்கெட் முதலில், விண்ணப்பம் பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அடிக்கடி பறப்பவர்களுக்கு விமான நிறுவனங்கள் தரும் உயர்நிலைத் தகுதிதான் கோல்டு. ஒரு நிறுவனத்தில் கோல்டு உறுப்பினராக இருந்தால், போட்டி நிறுவனமும் கேட்டவுடன் கோல்டு கொடுத்துவிடும், அதற்கு ஸ்டேட்டஸ் மேட்ச் என்று பெயர் என்ற செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பொய்யில்லை. ஆனால் அவசரப்பட்டு விண்ணப்பிப்பவர்களில் பலர் அந்தத் தகுதியை ஒரு முறைகூடப் பயன்படுத்தாமல் இழக்கிறார்கள்.

ஆசை ஏன் வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு போதும். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் உறுப்பினர் திட்டமான கிரிஸ்ஃப்ளையரில் கோல்டு பெற 12 மாதத்தில் 50,000 எலீட் மைல் (பறந்த தூரத்துக்குக் கிடைக்கும் புள்ளி) வேண்டும். சென்னை–சிங்கப்பூர் ஒரு வழி சுமார் 1,800 மைல். முழு மைல் தரும் எகானமி டிக்கெட்டிலேயே பதினான்கு முறை போய்வர வேண்டும். பாதி மைல் தரும் மலிவுக் கட்டணத்தில் பறந்தால் இருபத்தெட்டு முறை. இத்தனையும் ஒரு மின்னஞ்சலில் கிடைக்கும் என்றால் யார்தான் விடுவார்கள்?

மேட்ச் இரண்டு வகை. ஓராண்டுத் தகுதியை நேராகக் கொடுப்பது ஒன்று, இது அரிது. 90 முதல் 120 நாள் வரை சோதனையாகக் கொடுத்து, அதற்குள் குறிப்பிட்ட தூரமோ செலவோ செய்தால் நீட்டிப்பது மற்றொன்று. பெரும்பாலும் கிடைப்பது இதுதான். ஒப்புதல் வந்த நாளிலேயே கெடு ஓடத் தொடங்கிவிடும். நீங்கள் பறக்கும் நாளிலிருந்து அல்ல. பொங்கலுக்கு ஊர் வரப்போகிறவர் ஆகஸ்டில் விண்ணப்பித்தால் டிசம்பரில் கையில் எதுவும் இருக்காது. மறுபடி கேட்கலாமே என்றால், சில நிறுவனங்கள் சில ஆண்டுகளுக்கு ஒரு முறையும், சில ஆயுளில் ஒரே முறையும்தான் அனுமதிக்கின்றன. ஆகவே டிக்கெட் கைக்கு வந்தபின், ஒப்புதல் வர ஆகும் சில வாரங்களை மட்டும் கணக்கிட்டு விண்ணப்பியுங்கள்.

அனுப்ப வேண்டியவை: பெயர், உறுப்பினர் எண், தகுதி, அது முடியும் தேதி நான்கும் ஒரே திரையில் தெரியும் ஸ்கிரீன்ஷாட், கடந்த 12 மாதப் பயணப் பட்டியல். பிளாஸ்டிக் கார்டின் படம் மட்டும் போதாது. கிரெடிட் கார்டு மூலம் வந்த தகுதியையும், இன்னொரு மேட்சில் கிடைத்த தகுதியையும் பெரும்பாலும் ஏற்கமாட்டார்கள். பறந்து சம்பாதித்ததா என்று பார்க்கத்தான் அந்தப் பட்டியல். ஒரே கூட்டணிக்குள், அதாவது உறுப்பினர் சலுகைகளைப் பகிர்ந்துகொள்ளும் விமான நிறுவனங்களுக்குள், மேட்ச் கேட்பதும் வீண். லுஃப்தான்சாவும் ஏர் இந்தியாவும் ஸ்டார் அலையன்ஸ் என்ற ஒரே கூட்டணி என்பதால் ஒன்றின் கோல்டு மற்றதிலும் செல்லும். புதிதாகக் கொடுக்க அங்கே ஒன்றுமில்லை.

நம்மவர்களுக்குக் குறிப்பாக வரும் தலைவலி பெயர். பாஸ்போர்ட்டில் சிலருக்குத் தந்தை பெயர் சர்நேம் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. காலியை முன்பதிவுக் கணினி ஏற்காததால் டிக்கெட்டில் ஒரே பெயரை இரண்டு முறை போடுவதுண்டு. மைல் கணக்கோ இனிஷியலுடன் தொடங்கப்பட்டிருக்கும். பெயர் பொருந்தாவிட்டால் மைல் ஏறாது, மேட்ச் விண்ணப்பமும் திரும்பி வரும். பாஸ்போர்ட் நகலை அனுப்பி முதலில் பழைய கணக்கைத் திருத்துங்கள். புதிய கணக்கை டிக்கெட்டில் உள்ளபடியே தொடங்குங்கள்.

சலுகைகளுக்கு வருவோம். எல்லோரும் லவுஞ்சை (விமான நிலைய ஓய்வறை) பற்றிப் பேசுகிறார்கள்; என் கணக்கில் பெரியது சுமைதான். ஸ்டார் கோல்டுக்கு (ஸ்டார் அலையன்ஸின் கோல்டு நிலை) எடைக் கணக்கு உள்ள தடங்களில் கூடுதலாக 20 கிலோ, பெட்டிக் கணக்கு உள்ள தடங்களில் ஒரு பெட்டி. செக்-இன் பெட்டியே இல்லாத மலிவு டிக்கெட்டில் விதி மாறலாம்; வாங்குமுன் கேட்டுவிடுங்கள். லவுஞ்சுக்கு உங்களுடன் அதே விமானத்தில் வரும் ஒருவரைத்தான் அழைத்துப் போகலாம். மனைவி, இரண்டு பிள்ளைகளோடு போகிறவர் இருவரை வெளியே உட்காரவைக்க வேண்டியதுதான்! அதற்குக் கீழுள்ள ஸ்டார் சில்வருக்கோ, ஒன்வேர்ல்டு என்ற மற்றொரு கூட்டணியின் ஆரம்ப நிலையான ரூபிக்கோ கூட்டணி லவுஞ்ச் கிடையாது. ஒன்வேர்ல்டில் அது அடுத்த நிலையான சஃபையரில் தொடங்குகிறது.

அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு ஒரு விசித்திரம்: ஸ்டார் அலையன்ஸிலுள்ள யுனைடெட் ஏர்லைன்ஸின் சொந்த கோல்டு உறுப்பினர், உள்நாட்டுப் பயணம் மட்டும் செய்யும்போது அந்த கோல்டைக் காட்டி அதன் லவுஞ்சான யுனைடெட் கிளப்புக்குள் போக முடியாது. அதே விமானத்தில் ஏறும் கிரிஸ்ஃப்ளையர் கோல்டு உறுப்பினர் போகலாம். எங்கே மேட்ச் கேட்பது என்பதை இது மாதிரி விதிகள்தான் தீர்மானிக்க வேண்டும்.

யாரிடம் பறக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். ஏர் இந்தியா ஸ்டார் அலையன்ஸில் உண்டு, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் உண்டு, ஸ்கூட் இல்லை. எமிரேட்ஸ் எந்தக் கூட்டணியிலும் இல்லை. திருச்சியிலிருந்து கொழும்பு வழியாக லண்டன் போகிறவருக்கு ஸ்ரீலங்கன் 2014 முதல் ஒன்வேர்ல்டில் இருப்பதால் சஃபையர் உதவும். கூட்டணியும் நிரந்தரமல்ல: ஸ்காண்டிநேவிய எஸ்ஏஎஸ் 2024 ஆகஸ்ட் 31 வரை ஸ்டார் அலையன்ஸில் இருந்தது, மறுநாள் ஸ்கைடீம் என்ற வேறொரு கூட்டணி.

ஒப்புதல் வந்ததும் ஏற்கெனவே போட்ட முன்பதிவுகளில் புதிய உறுப்பினர் எண்ணை மாற்றுங்கள். பழைய எண்ணுடன் செக்-இன் செய்தால் மைல் பழைய கணக்குக்கே போகும், சோதனைக் கால இலக்கில் சேராது. போர்டிங் பாஸில் புதிய தகுதி அச்சாகியிருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகருமுன் பாருங்கள். மைல் கணக்கில் ஏறும்வரை அந்தத் துண்டைக் கிழித்துப் போடாதீர்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஸ்கிரீன்ஷாட் "தயாரித்து"க் கொடுக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். சிக்கினால் விண்ணப்பம் மட்டுமல்ல, கணக்கையே மூடி, சேர்த்த மைல் முழுவதையும் ரத்துசெய்ய நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

இப்படிக்கு,
ஒரு பயண முகவர், திருச்சி