மடக்கும் கேள்வியும் அறியும் கேள்வியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோவில் கூட்டமாகட்டும், வானொலி விவாதமாகட்டும், பலர் இப்போது தங்கள் கருத்தைச் சொல்லாமல் கேள்வியாகவே அடுக்குகிறார்கள். ஏன் என்று கேட்டால், "இது பழைய கிரேக்க ஞானி சாக்ரடீஸின் வழி" என்கிறார்கள். அந்த வழி எது, எங்கே கெடுகிறது என்று கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

நம் மொரீசியஸில் ஓயாத ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம். "தமிழ் பேசுபவர்தான் தமிழர்" என்கிறார் ஒருவர். முதல் வேலை, அதை அவர் சொற்களிலேயே திருப்பிச் சொல்லி, "இதைத்தானே சொல்கிறீர்கள்?" என்று உறுதிசெய்துகொள்வது. பலரும் இதைத் தாண்டிக் குதித்துவிட்டு, அவர் சொல்லாத ஒன்றோடு மல்லுக்கு நிற்கிறார்கள். அடுத்து, அவர் ஒப்புக்கொள்ளக்கூடிய வேறு செய்திகளை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். வீட்டில் இந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோல் மட்டுமே பேசுகிறவர், பத்து நாள் விரதமிருந்து தைப்பூசக் காவடி எடுக்கிறார், அவர் தமிழரா? "ஆம்" என்றால் இரண்டு பேச்சும் முட்டிக்கொள்கின்றன.

பெரிய தவறு இந்த இடத்தில்தான் நடக்கிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக முடியாது என்பது மட்டுமே இப்போது தெரிந்திருக்கிறது. எது பிழை என்று தெரியவில்லை. கேட்டவரோ, "உங்கள் முதல் பேச்சே தப்பு" என்று வென்றுவிட்டதாக எழுந்துவிடுகிறார். பதில் சொன்னவர் இரண்டாவதைக் கைவிடலாம். "மொழி, வழிபாடு, இரண்டில் ஒன்று இருந்தால் போதும்" என்று முதலாவதைத் திருத்தலாம். அதற்கு இடம் விட்டால்தான் பேச்சு நகரும். ஒப்புக்கொண்டதில் பிழை இருந்தால் திரும்பப் பெறத் தயார் என்று, அவருடைய மாணவர் பிளாட்டோ எழுதிய 'கோர்கியாஸ்' உரையாடலில் சாக்ரடீஸே சொல்கிறார்.

நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்தே கேட்பது அறிவினா, தெரியாமல் கேட்பது அறியாவினா. வகுப்பில் ஆசிரியர் அறிவினா கேட்பதில் குற்றமில்லை. அது மாணவருக்கும் தெரியும். அறிவினாவுக்கு அறியாவினா வேடம் போடுவது ஏமாற்று. "எனக்குப் புரியவில்லை, விளக்குங்களேன்" என்று பணிவாகத் தொடங்கி, நான்காவது கேள்வியில் மடக்கிப் பிடித்தால், அந்த மனிதர் அடுத்த கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார்.

"கோவில் பணத்தை வீணாக்குவதை எப்போது நிறுத்தப் போகிறீர்கள்?" என்பது இன்னொரு வகை. நாள் சொன்னாலும் குற்றவாளி, பேசாமல் இருந்தாலும் குற்றவாளி. இதற்கு நேராகப் பதில் சொல்லாதீர்கள். உள்ளே ஒளிந்திருக்கும் குற்றச்சாட்டை முதலில் வெளியே எடுங்கள்: "வீணானது எது, எவ்வளவு?"

தன் பக்கத்தை நிறுவாமல் பிறர் பக்கத்தை மட்டும் இடிப்பதற்கு நியாயம் என்ற பழைய இந்தியத் தருக்க நூலார் விதண்டை என்று பெயர் வைத்தார்கள். விதண்டாவாதம் என்று நாம் திட்டுவது அதைத்தான். மூன்று கேள்வி கேட்டவர், நான்காவதாகத் தன் கருத்தைச் சொல்லிவிட்டு, எதிராளியின் கேள்விக்கும் உட்கார்ந்து பதில் சொல்லட்டும். எந்தப் பதில் வந்தால் நான் மாறுவேன் என்று கேட்பதற்கு முன்பே யோசித்துக்கொள்ளட்டும். அப்படி ஒரு பதிலே இல்லையென்றால், கருத்தை நேராகச் சொல்வதுதான் மரியாதை.

கி.மு. 399இல் ஏதென்ஸ் சாக்ரடீஸுக்கு மரண தண்டனை விதித்தது. தம்மைப் பார்த்து இளைஞர்களும் ஊராரைக் கேள்வியால் மடக்க, மாட்டிக்கொண்டவர்களின் கோபம் தம்மேல் திரும்பியது என்று அவர் வழக்குமன்றத்தில் சொன்னதாகப் பிளாட்டோ எழுதியிருக்கிறார். ஆகவே இளைஞர்களிடம் ஒரு வேண்டுகோள். சபை நடுவில் பெரியவர்களை இப்படிக் கேட்காதீர்கள். நாலு பேர் முன்னால் தோற்றவர் தன் கருத்தை முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொள்வார். கூட்டம் கலைந்து தேநீர் குடிக்கும்போது கேளுங்கள். "அதுவும் சரிதான்" என்று சொல்ல அங்கே அவருக்குக் கூச்சம் இருக்காது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ரோஸ் ஹில், மொரீசியஸ்