நியாயாதிபதி வருகிறார் என்று பாட உதவியவர்களுக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களுக்கு, ஆராதனை ஒழுங்குக் குழுவினர் எழுதிக்கொள்வது.

சபை ஆண்டின் கடைசி ஞாயிறுகளில் தொடங்கி, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் முழுவதும், கிறிஸ்து பிறப்பு நாள் வரைக்கும் தேவனுடைய நியாயத்தீர்ப்பின் நீதியையே பொருளாக வைத்து ஆராதனைகள் நடந்து முடிந்திருக்கின்றன. பண்டிகை நேரத்தில் நியாயத்தீர்ப்பா என்று கேட்டவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். ஆனால் பல சபைகள் பின்பற்றும், எந்த நாளில் எந்த வேதபகுதியை வாசிப்பது என்று குறிக்கும், 1992-இல் வெளியான திருத்திய பொது வாசக அட்டவணையில் கிறிஸ்து பிறப்புக்குக் குறித்திருக்கும் சங்கீதங்கள் 96, 97, 98. முதலாவதும் மூன்றாவதும் கர்த்தர் பூமியை நியாயந்தீர்க்க வருகிறார் என்றே முடிகின்றன. நடுவிலுள்ளதில் சீயோன் அவருடைய நியாயத்தீர்ப்புகளினிமித்தம் மகிழ்கிறது. வேதம் இதை மிரட்டலாக வைக்கவில்லை, பாட்டாக வைத்திருக்கிறது. அந்தப் பாட்டைப் பாட்டாகவே ஆராதனைக்குள் கொண்டுவர ஒத்தாசை செய்தவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. செய்த வேலையைச் சொன்னாலே உரியவர்களுக்குத் தெரிந்துவிடும்.

முதல் நன்றி பாடகர் குழுவுக்கும் அவர்களைப் பயிற்றுவித்தவருக்கும். 98-ஆம் சங்கீதத்தில் எட்டாம் வசனம் வரை எல்லாரும் உற்சாகமாகப் பாடுவார்கள். ஆறுகள் கைகொட்டுகின்றன, பர்வதங்கள் கெம்பீரிக்கின்றன. ஒன்பதாம் வசனத்தில் ‘நியாயந்தீர்க்க வருகிறார்’ என்ற இடம் வந்ததும் தாளம் தானாகத் தளரும், குரல் தாழும், சிலருக்கு முகமே மாறிவிடும். இசையில் எழுதாத ஒரு சோகத்தை நாம் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறோம். பயிற்சியாளர் கடைசி இரண்டு வசனங்களையும் ஒரே மூச்சில், வேகம் குறையாமல் பாடவைத்தார். ஆறுகள் எதற்காகக் கைகொட்டுகின்றன என்பது அந்தப் பாடலிலேயே இருக்கிறது என்று அவர் சொன்னதற்குப் பிறகு பாடகர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

ஆமோஸ் 5:18-24 வாசித்த ஞாயிறில், வாசகத்துக்குப் பின் வழக்கமாக வரும் பாட்டை விட்டுவிடவும் அவர்கள் சம்மதித்தார்கள். ‘உன் பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று’ என்று கர்த்தர் சொன்ன கையோடு நான்கு குரலில் பாடினால் நன்றாகவா இருக்கும்? பாடகர் குழுவைப் பாடவைப்பது சுலபம். பாடாதிருக்கும்படி கேட்டு அதற்குச் சம்மதம் வாங்குவது எவ்வளவு கடினம் என்பது ஆராதனை ஒழுங்கு செய்கிறவர்களுக்குத் தெரியும்.

ராஜா ஜனங்களை வலது பக்கமும் இடது பக்கமும் பிரித்து நிறுத்தித் தீர்ப்புச் சொல்லும் மத்தேயு 25:31-46 வாசித்த சகோதரிக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். இந்தப் பதினாறு வசனங்களில் பசி, தாகம், அந்நியன், வஸ்திரமில்லாமை, வியாதி, காவல் என்ற ஆறு நிலைகளும் நான்கு தடவை திரும்ப வருகின்றன. மூன்றாம் தடவையிலேயே வாசிப்பவர்கள் ஓட ஆரம்பித்துவிடுவார்கள். நான்காவது வெறும் முணுமுணுப்பாகிவிடும். இன்னொரு சிக்கல், இடது பக்கத்தாருக்குத் தீர்ப்புச் சொல்லும் 41-ஆம் வசனத்தில் குரலை உயர்த்திக் கண்டிப்பது. இரண்டாலும் கெடுவது ஒன்றே. வலது பக்கத்தாரும் இடது பக்கத்தாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ‘ஆண்டவரே, எப்பொழுது கண்டோம்?’ செய்தவர்களுக்கும் தெரியவில்லை, செய்யாதவர்களுக்கும் தெரியவில்லை. இரண்டு கேள்வியும் ஒரே தொனியில் கேட்டால்தான் அந்த ஒற்றுமை சபையின் காதில் விழும். அவர் மூன்று நிமிடத்துக்குக் குறையாமல் வாசித்தார், 41-க்கு முன் ஒரு முழு மூச்சு நிறுத்தினார், குரலை ஏற்றவேயில்லை. மைக்கைக் கவனித்த தம்பியும் அந்த நிறுத்தத்தில் சத்தத்தைக் கூட்டாமல் விட்டுவைத்தார்.

வாசகங்களை வரிசைப்படுத்தியதில் ஆர்த்தடாக்ஸ் சபை நண்பர்கள் தந்த யோசனை பெரிய உதவி. அவர்களுடைய முறையில், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு முன் வரும் பெருநோன்புக்கு முந்தைய ஞாயிறுகளில் முதலில் பரிசேயனும் ஆயக்காரனும், அடுத்து கெட்ட குமாரன், அதன் பிறகே கடைசி நியாயத்தீர்ப்பு, பின்பு மன்னிப்பின் ஞாயிறு. தகப்பன் ஓடிவந்து கட்டிக்கொண்டதைக் கேட்ட பிறகுதான் சிங்காசனத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். சிங்காசனத்தில் இருப்பவர் யாரென்று தெரியாமல் அதன் முன்னே ஒருவரையும் கொண்டுபோய் நிறுத்தக் கூடாது. நாங்களும் அப்படியே லூக்கா 15-ஐ முதலிலும் மத்தேயு 25-ஐ அடுத்தும் வைத்தோம்.

பழிகேட்கும் சங்கீதங்களைப் பற்றித்தான் குழுவில் அதிக விவாதம். நாளின் குறித்த வேளைகளில் சொல்லும் செபங்களுக்காக 1971-இல் திருத்தியமைத்த கத்தோலிக்க நேர செப முறையில் 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்கள் முழுவதுமாக விடப்பட்டன; வேறு சிலவற்றிலும் கடுமையான வசனங்கள் நீக்கப்பட்டன. காரணம் புரிகிறது. ஆனால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அநியாயம் அனுபவித்தவர்களுக்கு ஆராதனையில் வாய் இல்லாமல் போய்விடும். வேதத்தைக் கற்பிக்கும் மூத்தவர் ஒருவர் வழி சொன்னார், அதைப் பின்பற்றினோம். 94-ஆம் சங்கீதத்தை ஒரே ஒருவர் வாசிக்க வேண்டும், சபை சேர்ந்து சொல்லக் கூடாது. சேர்ந்து சொல்லும்போது சொந்தப் பகையோடு வந்து அமர்ந்திருப்பவர் மனதில் ஒரு பெயர் ஓடும். சங்கீதம் அவர் கையில் ஆயுதமாகிவிடும். வாசிப்பதற்கு முன், பேசுவது விதவை, பரதேசி, திக்கற்றவன் ஆகியோரின் சார்பில் என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும்; ஆறாம் வசனம் அவர்களைத்தான் குறிப்பிடுகிறது. வாசித்த பின் ஒரு நிமிட அமைதி, அதற்குப் பின் ரோமர் 12:19. பழிவாங்குதல் எனக்குரியது என்ற அந்த வசனம் ஒரு ஆறுதலாகக் கேட்க வேண்டுமே தவிர அதட்டலாக அல்ல.

இந்த இடத்தில் மனநல ஆலோசகர்களாகப் பணிபுரியும் இருவர் கொடுத்த அறிவுரையைச் சொல்லாமல் விட முடியாது. வீட்டிலோ வேலையிடத்திலோ கொடுமைக்கு ஆளானவர் பழியைத் தேவனிடம் விட்டுவிடு என்ற வாக்கியத்தை ‘வாய் திறக்காதே’ என்று கேட்டுக்கொள்ளக்கூடும் என்றார்கள். ஆகவே ரோமர் 12 முடிந்ததும் 13:4-ஐயும் சேர்த்து வாசித்தோம். தீமை செய்கிறவன்மேல் நடவடிக்கை எடுக்கவே அதிகாரம் இருக்கிறது என்று பவுல் எழுதுவது அடுத்த சில வரிகளிலேயே இருக்கிறது. நடுவில் அத்தியாயம் மாறுவதால்தான் தூரமாகத் தெரிகிறது. புகார் கொடுப்பது விசுவாசக் குறைவு அல்ல என்று பீடத்திலிருந்தே ஒரு வாக்கியம் சொல்லப்பட்டது. ஆராதனை முடியும்வரை அந்த இருவரும் பக்கத்து அறையில் காத்திருந்தார்கள்.

பாவ அறிக்கையில் ஒரு நிமிட அமைதியை அப்படியே காத்துத் தந்த கீபோர்டு வாசிப்பவருக்கு நன்றி. பொதுவாக இருபது விநாடியில் யாராவது இருமுவார், உடனே மெல்ல ஒரு ஸ்வரம் கிளம்பிவிடும், அமைதி கலைந்துவிடும். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அறிக்கைக்கு 51-ஆம் சங்கீதத்தின் நான்காம் வசனத்தை எடுத்தோம். நீர் நியாயந்தீர்க்கும்போது உம்முடைய பரிசுத்தம் விளங்கட்டும் என்பது அதன் போக்கு. தேவன் செய்வது சரி என்று ஒப்புக்கொள்வதில்தான் அறிக்கை தொடங்குகிறது. அதன் பின் பாவமன்னிப்பின் வார்த்தையை எக்காரணத்துக்காகவும் விடக் கூடாது. நேரமில்லை என்று அதைச் சுருக்கினால் ஜனங்கள் குற்றவுணர்வை மட்டும் சுமந்துகொண்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார்கள்.

போதகர்கள் நியாயத்தீர்ப்பை ‘அவர்கள்’ மேல் ஏற்றாமல் பிரசங்கித்தார்கள். பிறருடைய பாவங்களை அடுக்கும் ரோமர் முதல் அதிகாரத்தோடு நிறுத்தினால் கேட்கிறவர்கள் எல்லாரும் தலையாட்டுவார்கள். 2:1 வந்ததும் தலையாட்டியவன் மேலேயே தீர்ப்பு திரும்புகிறது. இரண்டையும் ஒரே நாளில் எடுத்தார்கள். எங்கோ நடந்த பேரிடரைச் சுட்டி இது இன்னாருக்கு வந்த ஆக்கினை என்று சொல்லும் பிரசங்கத்தையும் தவிர்த்தார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து மாண்ட பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்று ஆண்டவர் சொன்னது லூக்கா 13-இல் தெளிவாகவே இருக்கிறது.

தேவன் நியாயந்தீர்ப்பது ஏன் நீதியாயிருக்கிறது என்பதை அவர்கள் விளக்கிய விதம் எல்லாருக்கும் பயன்பட்டது. அவர் பட்சபாதமில்லாதவர், பரிதானம் வாங்காதவர் (உபாகமம் 10:17). அந்த வசனத்துக்கு அடுத்ததே திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயஞ்செய்கிறார் என்பது. கண் கண்டபடி தீர்ப்பதில்லை (ஏசாயா 11:3). அவரவர் அறிந்த அளவுக்கே கணக்குக் கேட்கிறார் (லூக்கா 12:47-48). தாமதிப்பது நீடிய பொறுமையினால் (2 பேதுரு 3:9). கடைசியாக, நியாயந்தீர்க்கும் அதிகாரம் குமாரனிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது (யோவான் 5:22). தீர்ப்புச் சொல்கிறவர் தாமே அநியாயத் தீர்ப்புக்கு உள்ளாகிச் சிலுவையில் அறையப்பட்டவர். பாவத்தைக் கண்டுகொள்ளாமல் விடுவது அன்பு அல்ல என்பதை ரோமர் 3:25-26-ஐ வைத்துப் பொறுமையாகக் காட்டினார்கள். அன்பா நீதியா என்று இரண்டையும் மோதவிடும் பிரசங்கம் கேட்டுக் களைத்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி.

சுவிசேஷம் கேளாமலே மரித்தவர்கள் நிலை என்ன, சிசுக்கள் நிலை என்ன என்று எழுதிக் கேட்ட வாலிபர்களுக்கும் நன்றி. மழுப்பாமல் பதில் தேட வைத்தீர்கள். ‘சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ’ என்று ஆபிரகாம் கேட்டது பதிலாக மட்டுமல்ல, கேள்வியாகவும் நமக்குத் தரப்பட்டிருக்கிறது. சோதோமில் இத்தனை நீதிமான்கள் இருந்தால் அதை அழிப்பீரோ என்று, ஐம்பதில் தொடங்கி நாற்பத்தைந்து, நாற்பது, முப்பது, இருபது, பத்து என்று அவர் இறங்கி இறங்கிக் கேட்டார். ஒரு தடவையும் கோபத்தோடு மறுக்கப்படவில்லை. எரேமியா 12:1-உம் அப்படித்தான்: தேவரீர் நீதியுள்ளவர் என்று முதலில் ஒப்புக்கொண்டு, ஆனாலும் உம்மோடு பேச வேண்டும் என்று வழக்காடுகிறார். விண்ணப்ப வேளையில் இந்தக் கேள்விகளையே ஜெபமாக மாற்றினோம்.

விண்ணப்பங்களை எழுதியவர், நீதிபதிகளுக்காகவும் காவலில் இருக்கிறவர்களுக்காகவும் ஜெபிக்கும் முன் பாதிக்கப்பட்டவர்களுக்காக ஜெபிக்க வைத்தார். ஐந்து விண்ணப்பம், ஒவ்வொன்றிலும் இரண்டே வாக்கியம். அதைத் தாண்டினால் அது இரண்டாவது பிரசங்கமாகிவிடும்.

திருவிருந்துக்கு அழைக்கும் வார்த்தைகளைத் திருத்தித் தந்த ஆயருக்கு நன்றி. 1 கொரிந்தியர் 11-இல் அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய்ப் போஜனபானம்பண்ணுவது பற்றிய எச்சரிப்பை மட்டும் தனியே எடுத்து வாசித்தால், நொந்துபோனவர்கள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். யாருக்காக அது எழுதப்பட்டதோ அவர்கள் முதல் வரிசையில் நிற்பார்கள். 21, 22-ஆம் வசனங்களைச் சேர்த்து வாசித்தபோது குற்றம் எதுவென்று விளங்கியது: ஒருவன் பசியாயிருக்க மற்றவன் முந்திச் சாப்பிட்டு, இல்லாதவர்களை வெட்கப்படுத்தியது.

ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் நெருப்புப் படமும் தராசுப் படமும் இல்லாமல் பாடம் நடத்தினார்கள். அநியாயமாய் வாங்கியதை ஆயக்காரனாகிய சகேயு நாலத்தனையாக, அதாவது நாலு மடங்காகத் திருப்பிக் கொடுத்ததையும், எடுத்ததோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும் என்ற லேவியராகமம் 6:5-ஐயும் பத்து அட்டைகளை வைத்துக் கணக்காகச் செய்து காட்டினார்கள். பத்தை எடுத்தவன் பன்னிரண்டைக் கொடுக்க வேண்டும் என்று பிள்ளைகள் தாங்களே சொன்னார்கள். நியாயம் என்பது கெட்டதைச் சரிசெய்வதும்தான் என்பது பெரியவர்களைவிட அவர்களுக்குச் சீக்கிரம் பிடிபட்டது.

விசுவாசப் பிரமாணத்தில் ‘உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்க்க’ என்ற இடத்தில் வேகத்தைக் குறைத்து நடத்தியவருக்கும் நன்றி. நியாயந்தீர்க்க வருவார் என்ற அறிக்கை 325-இன் நிசேயா பிரமாணத்திலேயே உண்டு. அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை என்ற வரி 381-இன் வடிவத்தில் சேர்ந்தது. இரண்டையும் பிரிக்காமல் ஒரே வாக்கியமாகச் சொல்லவைத்தார்.

ஆராதனைத் தாளைப் பிழை பார்த்தவர் கவனிக்காமல் இருந்திருந்தால் எண் குழப்பம் வந்திருக்கும். கிரேக்க வேதாகமத்தைத் தழுவிய பழைய ஆராதனை நூல்களில் 9-உம் 10-உம் ஒரே சங்கீதம். அதனால் நம்முடைய 96 அவற்றில் 95 ஆகிவிடும். பிற சபையாரோடு சேர்ந்து ஆராதிக்கும்போது எண்ணை மட்டும் அறிவித்தால் பாதிப்பேர் வேறு பக்கத்தைத் திறந்திருப்பார்கள். அவர் ஒவ்வொரு சங்கீதத்தின் முதல் வரியையும் எண்ணோடு சேர்த்து அச்சிட வைத்தார்.

தாள்களை வேறு சபையார் எடுத்துப் பயன்படுத்த விரும்பினால் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். அமைதிக்கென்று விட்டிருக்கும் இடங்களில் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்; ‘சற்று நேரம்’ என்று எழுதினால் யாரும் காத்திருப்பதில்லை. ஆலோசகர்கள் கிடைக்காத இடத்தில் 94-ஆம் சங்கீத ஆராதனையைத் தள்ளிவைத்து, மற்றவற்றை நடத்துவது நல்லது.

கிறிஸ்துவின் பணியில்,
ஆராதனை ஒழுங்குக் குழு