ஆயில் சீல் மாற்றுமுன் குழாயைக் காட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒடுகத்தூரிலிருந்து அணைக்கட்டு வழியாக வேலூருக்கு நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் வேலைக்குச் சென்று வருகிறேன். வண்டியின் முன் ஃபோர்க்கில் (முன்சக்கரத்தின் இரு பக்கமும் நின்று குலுக்கலைத் தாங்கும் குழாய்களில்) எண்ணெய் கசிந்ததால் ஒரு பட்டறையில் ஓராண்டுக்குள் இரண்டு முறை ஆயில் சீல், அதாவது எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ரப்பர் வளையம், மாற்றினார்கள். இரண்டு முறையும் சில வாரங்களிலேயே குழாயின்மேல் எண்ணெய் வளையம் மீண்டும் படிந்தது. மூன்றாம் முறை வீட்டிலேயே நானே பிரித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. குரோம் பூசிய உள்குழாயில், சீல் உரசிச் செல்லும் இடத்தில், கடுகைவிடச் சிறிய துருப்புள்ளிகள் இரண்டு இருந்தன. நகத்தால் வருடினால் தட்டுப்படும் அவைதாம், வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் புதிய ரப்பரின் விளிம்பை அறுத்திருக்கின்றன.

அப்புள்ளிகளை 1000, பின்பு 2000 எண் எமரித் தாளை நனைத்துத் தேய்த்து வழவழப்பாக்கிய பிறகே புதிய சீலைப் போட்டேன். குழி ஆழமாக இருந்திருந்தால் குழாயையே மாற்றியிருக்க வேண்டும். வீட்டில் செய்ய விரும்புவோர் ஒன்றை மறக்கக் கூடாது: அடியிலுள்ள ஆலன் போல்ட்டை (தலையில் அறுகோணக் குழியுள்ள போல்ட்டை), மேல்மூடியைக் கழற்றுவதற்கு முன்பே தளர்த்திவிட வேண்டும், ஸ்பிரிங்கின் அழுத்தம் போய்விட்டால் உள்ளிருக்கும் தண்டும் சேர்ந்து சுழலும், போல்ட் கழலாது. மேல்மூடியைத் திறக்கும்போது அந்த ஸ்பிரிங் எகிறக்கூடும் என்பதால் முகத்தை விலக்கி, மூடியை அழுத்திப் பிடித்தே திருக வேண்டும். சீலின் விளிம்பில் ஃபோர்க் ஆயில் தடவி, பொருத்தமான பிவிசி குழாயால் சீராகத் தட்டி இறக்கலாம். இரு பக்கமும் சேர்த்தே மாற்றி, வண்டியின் கையேட்டில் குறித்த அளவு எண்ணெயை இரு பக்கமும் சமமாக ஊற்றுவதே முறை.

எல்லாக் கசிவுக்கும் புதிய சீல் தேவைப்படுவதும் இல்லை. நம் சாலைப் புழுதி சீலுக்கு அடியில் சிக்கினாலும் எண்ணெய் கசியும். ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை நகர்த்திவிட்டுப் பழைய எக்ஸ்ரே பிலிமின் மெல்லிய துண்டை உள்ளே செலுத்திச் சுற்றினால் அந்த மண் வெளியே வந்துவிடும்.

சிறு கசிவுதானே என்று பலர் மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வழியும் எண்ணெய் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் பட்டால் முன் பிரேக் பிடிக்காது. எண்ணெயில் ஊறிய பேடைத் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாலையில் பள்ளி விடும் நேரத்தில் அணைக்கட்டு கடைவீதியைக் கடப்பவர்களுக்கு இதன் ஆபத்தை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே பட்டறை நடத்துவோரை ஒன்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். புதிய சீலைப் பொருத்துமுன் உள்குழாயைத் துடைத்து, வண்டிக்காரரை அழைத்து, அவர் விரலாலேயே தடவிப் பார்க்கச் செய்யுங்கள். குழாய் கெட்டிருந்தால் அதை அப்போதே சொல்லிவிடுங்கள்; செலவு செய்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்துகொள்ளட்டும்.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்,
ஒடுகத்தூர், வேலூர் மாவட்டம்.